மறுமொழிக்கு இடமுள்ள வகுப்பறை

2018-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நிகழ்ந்தது இது. சிவகாசியை அடுத்த நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பள்ளி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி. தலைப்பு ‘மாசில்லாத் தீபாவளி’. ஆசிரியை வகுப்பில் சொன்னவற்றையெல்லாம் ஒழுங்குபட எழுதிய சிறுமி ஒருத்தி முதற்பரிசு பெற்றாள். பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளரோடு வீட்டுக்குப் போனாள். அவளுடைய தாய் சரவெடி பின்னும் தொழிலாளி. வேலை முடிந்து வந்து கைகால் கழுவிய பின், மகள் எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். பட்டாசு காற்றுக்கும் மண்ணுக்கும் கேடு, அதனை வாங்கவும் மாட்டோம், வெடிக்கவும் மாட்டோம் என்று உறுதிகொள்வோம் என்ற இடம் வரையில் சிறுமி படித்தாள். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டாள். தாயும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவள் ஆசிரியையிடம் வந்து கேட்டாள்: “டீச்சர், நான் எழுதுனது சரின்னா, எங்கம்மா செய்யிறது தப்பா?”

அந்த ஆசிரியையே இதனை நம்மிடம் சொன்னார். விடை சொல்ல இயலாமல் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு நின்றதாகவும் சொன்னார். அவர் எந்தக் கட்சியின் கொடியையும் தூக்கியவர் அல்லர். எந்தத் தலைவரையும் புகழவில்லை, ஏசவுமில்லை. பாடநூலில் உள்ளதையும் செய்தித்தாளில் வந்ததையுமே சொல்லியிருந்தார். டெல்லியில் சொல்லியிருந்தால் அது சுற்றுச்சூழல் கல்வி. நாரணாபுரத்தில் அது அரசியல். ஏனெனில் அங்கே அச்சொற்கள் ஒரு வீட்டின் அடுப்பைத் தொடுகின்றன. மழை பொய்த்தால் வயல் வேலையும் இல்லாத கரிசல் பூமியில், தீப்பெட்டி ஆபீசும் பயர் ஆபீசும்தான் பெரும்பாலான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

ஆசிரியர் வகுப்பறையில் அரசியல் பேசலாமா என்று கேட்கும்போது, வாக்குச் சேகரிக்கும் பேச்சையே நாம் பெரும்பாலும் மனத்தில் கொள்கிறோம். அது எளிய வினா. அரசு ஊழியர் கட்சி அரசியலில் ஈடுபடுவதை 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. அத்துடன் அவ்வினா முடிந்துவிடுகிறது. அச்சிறுமியின் வினாவுக்கு எந்த விதியிலும் விடையில்லை. அவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு, இத்தாலியக் குருவானவர் ஒருவரின் மாணவர்கள் எழுதிய நூலொன்றை இங்கே மதிப்பிட முற்படுகிறோம்.

பார்பியானாவின் கடிதம்

‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்னும் பொருள்படும் தலைப்போடு 1967-ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியில் வெளிவந்த அந்நூலை எழுதியவர்கள் எட்டுச் சிறுவர்கள். பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே, மலைப்பகுதியில், சில வீடுகளே கொண்ட ஊர் பார்பியானா. அவ்வூரின் பங்குப்பணிக்கு 1954-ஆம் ஆண்டின் இறுதியில் அனுப்பப்பட்டார் லொரென்சோ மிலானி அடிகள். அரசுப் பள்ளிகள் தேர்வில் தவறவிட்டு வீட்டுக்கு அனுப்பிய உழவர் வீட்டுப் பிள்ளைகளைத் தம் இல்லத்திலேயே கூட்டி அவர் பள்ளி நடத்தினார். விடுமுறையே இல்லாத பள்ளி அது. நாளிதழை நாள்தோறும் உரக்கப் படித்து, ஒவ்வொரு சொல்லையும் விளங்கிக்கொள்ளும் வரை நகராமல் இருப்பது அங்கே முதன்மையான பாடம்.

தங்களுள் ஒருவனைத் தேர்வில் தவறச் செய்த ஆசிரியை ஒருவருக்குச் சிறுவர்கள் எழுதும் கடிதமாக நூல் அமைந்துள்ளது. உழவர் மகன் ஜான்னியையும் மருத்துவர் மகன் பியரினோவையும் அவர்கள் எதிரெதிரே நிறுத்துகிறார்கள். இருவருக்கும் ஒரே வினாத்தாள். ஆனால் ஒருவன் வீட்டில் பேசப்படும் மொழியில் அவ்வினாத்தாள் எழுதப்பட்டுள்ளது, மற்றவன் வீட்டுக்கு அது அயல்மொழி. பள்ளியிலிருந்து நின்றுபோகும் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள் என்பதை அட்டவணைகள் போட்டுக் காட்டுகிறார்கள். கட்சி சாராத, அமைதியான, ஒழுங்கான ஆசிரியை அவர். அரசியல் பேசாமலேயே அவருடைய சிவப்பு மை அரசியல் செய்துகொண்டிருந்தது என்பதே அவர்களது குற்றச்சாட்டு. நம் சிவகாசி வட்டாரத்தில் இதனை விளக்க நீண்ட உரை வேண்டியதில்லை. விடியுமுன்னே ஊர் ஊராக வண்டிகள் வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிச்சென்ற காலம் ஒன்று இருந்தது. பள்ளிப் பதிவேட்டில் பெயரும், ஆபீசில் ஆளுமாக அப்பிள்ளைகள் வளர்ந்தார்கள். வராத பிள்ளைக்கு ‘வரவில்லை’ என்று குறித்துவிட்டு அடுத்த பெயரை அழைத்த ஆசிரியரும் அரசியல் பேசாதவர்தாம்.

நூலின் பின்னணியில் உள்ள வழக்கு இன்னும் முக்கியமானது. 1965-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மனச்சான்றின் பொருட்டுப் படைக்கருவி ஏந்த மறுப்பவர்களை இழித்துரைத்து, ஓய்வுபெற்ற படைத்துறை ஆன்மகுருக்கள் சிலர் வெளியிட்ட அறிக்கை நாளிதழில் வந்தது. அக்கட்டாய இராணுவப் பணிக் காலத்தில், மறுத்த இளைஞர்கள் சிறையில் இருந்தார்கள். மிலானி அடிகள் அந்த அறிக்கையை வகுப்பில் படித்தார். பிறகு மாணவர்களோடு அமர்ந்து, தங்கள் நாடு அதற்கு முந்தைய நூறு ஆண்டுகளில் நடத்திய போர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது நேரிய போரா எனக் கேட்டு, பதில் ஒன்றை எழுதினார். அது மார்ச் மாதம் ‘ரினாஷித்தா’ என்னும் பொதுவுடைமை வார இதழில் வெளிவந்தது. குற்றம் செய்யத் தூண்டினார் என்று அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. கடும் நோயுற்றிருந்த அவர் உரோமைக்குச் செல்ல இயலாமல், நீதிபதிகளுக்குக் கடிதமாகவே தம் எதிர்வாதத்தை எழுதி அனுப்பினார். நீதிபதியின் கடமை இருக்கும் சட்டத்தின்படி நடப்பது. ஆசிரியரின் கடமையோ, சட்டத்தை மதிக்கக் கற்பிப்பதோடு, அநீதியான சட்டம் மாறவேண்டும் என்று விரும்பவும் கற்பிப்பது என்பதே அதன் சாரம். 1966 பிப்ரவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். மேல்முறையீடு முடியுமுன்னே, 1967 ஜூன் 26 அன்று, 44-ஆம் வயதில் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு மன்றம் அக்கடிதத்தை வெளியிட்ட இதழாசிரியருக்குத் தண்டனை விதித்தது. எனினும் 1972-இல் இத்தாலி நாடே மனச்சான்று மறுப்பைச் சட்டத்தால் ஏற்றது. 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்குச் சென்று அவர் கல்லறையில் செபித்தார்.

இந்நூலிலும் இவ்வாழ்விலும் நாம் போற்றுவன இரண்டு. ஒன்று, மிலானி தம் கருத்தை மறைக்கவில்லை. ஆனால் கருத்தை மட்டும் கொடுத்து நிறுத்தவுமில்லை. அக்கருத்துக்கு வந்து சேர்ந்த வழியையும், நூறாண்டு வரலாற்றையும் மேசைமேல் வைத்தார். இரண்டு, விளைவைத் தாமே ஏற்றார். மாணவரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டுத் தாம் ஓய்வறையில் இருக்கவில்லை.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது திறனாய்வாகாது. நூல் முழுதும் ‘நாங்கள்’ என்று பேசுகிறது. எட்டுச் சிறுவருள் ஒருவனுக்கேனும் அக்குருவானவரின் கருத்தில் ஐயம் இருந்ததா? இருந்திருப்பின் அவன் குரல் எங்கே? மிலானி மிகக் கண்டிப்பானவர். வேறு பள்ளி ஏற்காத பிள்ளைகள் அவர்கள். அவர் வீட்டை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் இல்லை. இவ்வளவுக்கும் கடன்பட்ட ஒருவரை எதிர்த்துப் பேச எந்தச் சிறுவனுக்கு நா எழும்? மேலும், கடிதம் பெறும் ஆசிரியைக்கு நூலில் ஒரு வரிகூடப் பதில் சொல்ல இடமில்லை. பேச்சற்றவர்களுக்குப் பேச்சைப் பெற்றுத்தர எழுந்த நூல், ஒருவரைப் பேச்சற்றவராகவே விட்டு முடிகிறது.

எதிர்த்துப் பேச இயலாதவர்கள்

இக்குறையைத் துலக்கமாகக் கண்டவர் மாக்ஸ் வெபர். ஜெர்மானியச் சமூகவியலாளராகிய அவர் 1917 நவம்பரில் மூனிக் நகரில் மாணவர்முன் ஆற்றிய உரை புகழ்பெற்றது. பொதுக்கூட்டத்தில் அரசியல் பேசுகிறவரை எவரும் இடைமறிக்கலாம், மறுக்கலாம், எழுந்து போகலாம். வகுப்பறையில் அமர்ந்திருப்பவரோ தேர்வின்பொருட்டும் எதிர்காலத்தின்பொருட்டும் வாய்மூடி இருக்கவேண்டியவர். அத்தகையோர்முன் தம் அரசியலைப் பரப்புவது பொறுப்பற்ற செயல் என்பது அவர் வாதம். பல்கலைக்கழக இளைஞரைப் பற்றியே அவர் இவ்வாறு கருதினாரெனில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் வெபரோடும் நாம் முழுதும் உடன்பட இயலாது. அவருக்குப் பின் ஒரு தலைமுறைக்குள் அதே நாட்டின் பள்ளிகள் இட்லரின் கொள்கைகளைக் கற்பிக்கும் இடங்களாயின. தம் துறையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர்களின் அமைதி அதற்குத் தடையாக நிற்கவில்லை. அந்தக் கசப்பான படிப்பினையைச் சுமந்தே, 1976-ஆம் ஆண்டு பாய்ட்டல்ஸ்பாக் என்னும் ஊரில் கூடிய அந்நாட்டுக் கல்வியாளர்கள் மூன்று நெறிகளில் உடன்பாடு கண்டனர். மாணவரைத் திகைக்கவைத்துத் தம் முடிவுக்கு இழுத்துவரலாகாது. அறிஞரிடையேயும் மக்களிடையேயும் விவாதத்தில் உள்ளதை வகுப்பிலும் விவாதத்துக்கு உரியதாகவே காட்டவேண்டும். மாணவர் தம் சொந்த நிலைமையை ஆராய்ந்து, அதில் தலையிடும் திறன் பெறவேண்டும். மிலானியின் நெஞ்சமும் வெபரின் எச்சரிக்கையும் இம்மூன்றனுள் ஒருங்கே இடம்பெறக் காண்கிறோம்.

நம் மண்ணின் படிப்பினை

தமிழ் மண்ணில் ஆசிரியரும் அரசியலும் என்றும் விலகி நின்றதில்லை. நம் அரசியலமைப்புச் சட்டமே ஆசிரியரை அரசியல் அறிவுடையவராக மதிக்கிறது. சட்டமேலவை உள்ள மாநிலங்களில் உறுப்பினருள் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது 171-ஆம் பிரிவு. தமிழகத்தில் 1986 நவம்பரில் மேலவை நீக்கப்படும் வரையில் இவ்வுரிமை நடைமுறையில் இருந்தது.

விருதுநகர் மாவட்டத்துக்கு இதில் தனி வரலாறு உண்டு. 1953-ஆம் ஆண்டு இராஜாஜி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், நாட்டுப்புறப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படித்தால் போதும், எஞ்சிய நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. இருக்கும் ஆசிரியரைக் கொண்டே இரு வேளையும் பள்ளி நடத்தி மிகுதியான பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் வாதம். சாதித் தொழிலுக்குள் பிள்ளைகளைப் பூட்டும் குலக்கல்வி இது என்பது எதிர்த்தோரின் வாதம். விருதுநகரில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராசர் 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது. பின் ஊர்தோறும் பள்ளிகளும் மதிய உணவும் வந்தன. அவ்வாறு படித்து வந்த தலைமுறைதான் 1965-இல் இந்தி எதிர்ப்புக்காகத் தெருவில் இறங்கியது. 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் விருதுநகர்த் தொகுதியில் மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசன் காமராசரை 1,285 வாக்குகளில் தோற்கடித்தார்.

இதனை நன்றிகேட்டின் கதையாகச் சொல்வது வழக்கம். நாம் வேறுவிதமாகக் காண்கிறோம். பள்ளியைத் திறந்தவர், அதிலிருந்து வெளிவருவோர் தமக்கே வாக்களிப்பர் என்னும் உறுதியைக் கேட்டுப் பெறவில்லை. பள்ளி உண்மையிலேயே பள்ளியாக இருந்தது என்பதற்கு அத்தோல்வியும் ஒரு சான்று. தாம் கற்பித்த பிள்ளை தம்மை மறுக்கும் நாளை ஏற்க இயலாதவர் கற்பித்தலை மேற்கொள்ளலாகாது.

அண்மை நிகழ்ச்சி ஒன்றையும் இங்கே நோக்குவோம். 2024 ஆகஸ்டு 28 அன்று சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு என்ற பெயரில் ஒருவர் பேசினார். ஊனமும் வறுமையும் முற்பிறவிப் பாவத்தின் பயன் என்ற கருத்தை அவர் மாணவியர்முன் வைத்தார். அங்கிருந்த பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து அதனை மறுத்தார். பேச்சாளரோ விடை தருவதை விட்டுவிட்டு அவரோடு மல்லுக்கு நின்றார். ஒளிப்பதிவு பரவிய பின் மாநிலமே கொதித்தது. தலைமையாசிரியர் இடமாற்றம் செய்யப்பட்டார், பேச்சாளர் செப்டம்பர் 7 அன்று கைது செய்யப்பட்டார். அவ்வாசிரியரை அனைவரும் பாராட்டினர், நாமும் பாராட்டுகிறோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அம்மாணவியருள் ஊனமுற்ற பிள்ளையோ அவள் தங்கையோ இருந்திருந்தால், ஒலிபெருக்கிக்கு முன்னே எழுந்து கேட்கும் துணிவை நம் பள்ளிகள் அவளுக்குத் தந்திருக்கின்றனவா? ஓர் ஆசிரியர் எழாதிருந்தால் அன்று என்ன நடந்திருக்கும்? பேச்சாளரைத் தண்டித்தது எளிது. கேட்போரைக் கேள்வி கேட்போராக்குவது அரிது.

கருத்துகள் யாவும் ஒரே எடையின அல்ல

வகுப்பறையில் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று சொல்லிக் கைகழுவுவதும் நேர்மையாகாது. நம் நாரணாபுரத்து ஆசிரியையின் பாடத்தையே எடுத்து மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, நிகழ்ந்த உண்மை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பத்தெட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தனர். நாடெங்கும் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பூக்கொடுத்த ஆசிரியர் நாள் அது. விபத்து நடந்தது, பேரியம் உப்பு உடலுக்குத் தீங்கு, புகை நெஞ்சை அடைக்கும் என்பனவெல்லாம் ஆசிரியரின் கருத்துகள் அல்ல. யாருக்கு நோகும் என்று பார்த்து இவற்றை மறைக்க அவருக்கு உரிமையில்லை.

இரண்டாவது, சமூகம் போராடி நிலைநாட்டிய அறம். பிள்ளைகள் வெடிமருந்துக்கு அருகே செல்லலாகாது என்பது இன்று விவாதப் பொருளன்று. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம், தடைசெய்யப்பட்ட வேலையில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றும், அக்குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி காணவேண்டும், இயலாவிடில் அரசும் 5,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. சாதி இழிவுக்கும் இதே நிலைதான். மனிதர் யாவரும் சமம் என்பதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றைத் தேடி வகுப்பில் நிறுத்தவேண்டியதில்லை. இங்கே நடுநிலை பேணும் ஆசிரியர் வலியவர் பக்கமே சாய்கிறார்.

மூன்றாவது, மெய்யாகவே விவாதத்தில் உள்ளது. பட்டாசை முற்றிலும் தடைசெய்யலாமா? டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரால் 2015-ஆம் ஆண்டு தொடுக்கப்பட்ட வழக்கு இது. அக்குழந்தைகளின் மூச்சு ஒரு தட்டில். நாரணாபுரத்துப் பிள்ளைகளின் சோறு மறுதட்டில். 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் முழுத் தடை விதிக்க மறுத்தது. ஆனால் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தது. தீபாவளியன்று வெடிக்க இரண்டே மணி நேரம் வகுத்தது. தமிழகத்தில் அது காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்றாயிற்று. தீர்ப்புக்குப் பின் பல ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. நாட்டின் தலைமை நீதிமன்றமே இரு தட்டையும் தூக்கிப் பார்த்துத் தயங்கிய வழக்கில், எட்டாம் வகுப்புக் கட்டுரைத் தாளில் ஒரே தட்டை வைப்பது தகுமா? ஆசிரியை பொய் சொல்லவில்லை. விவாதத்தில் உள்ளதை முடிந்துபோன ஒன்றாகச் சொன்னார். அதற்கு மேல் பரிசும் கொடுத்தார். பரிசு கொடுக்கப்பட்ட கருத்தைப் பிள்ளை மறுப்பது எங்ஙனம்?

நம் பள்ளிகளை நோக்கி

இத்தனையும் சொன்னபின் நம் வீட்டையும் பார்க்கவேண்டும். கத்தோலிக்கப் பள்ளிகள் இம்மாநிலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் செய்துள்ள தொண்டு பெரிது. எனினும் சிறுபான்மையினரின் கல்வி உரிமை பற்றி நம் பள்ளிகளில் பேசும்போது அதனை அரசியல் என்று நாம் எண்ணுவதில்லை. ஆசிரியர் ஒருவர் ஊதியத்தைப் பற்றியோ நிருவாகத்தைப் பற்றியோ பேசினால் மட்டும் அது அரசியலாகிவிடுகிறது. நமக்கு உவப்பான கருத்துக்கு ‘நன்னெறி’ என்றும், உவப்பற்ற கருத்துக்கு ‘அரசியல்’ என்றும் பெயரிடும் பழக்கத்தை நாம் கைவிடவேண்டும். பங்கு மக்களாகிய பெற்றோரும் விலக்கல்லர். தம் கட்சிக்கு மாறாகப் பேசிய ஆசிரியர்மேல் மனுக்கொடுக்க விரைவோரே, தம் கட்சிக்கு ஏற்பப் பேசிய ஆசிரியரை நல்லாசிரியர் என்று போற்றுவதைக் காண்கிறோம்.

மனச்சான்றைக் கட்டாயப்படுத்தலாகாது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில் தெளிவாக உரைத்தது. நம் நாட்டின் நீதிமன்றமும் அதனையே காத்தது. 1985-இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றும், தங்கள் நம்பிக்கையின்பொருட்டு வாய்திறந்து பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. பிள்ளையின் அமைதிக்கும் மதிப்புண்டு என்று சொன்ன தீர்ப்பு அது. நமக்கு உடன்பாடில்லாத சபையின் பிள்ளைகள் பெற்றுத்தந்த அவ்வுரிமையின் நிழலில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

நம் ஆண்டவரிடமும், வரி கொடுப்பது முறையா என்று அரசியல் வினா ஒன்றைக் கூட்டத்தின் நடுவே கேட்டார்கள். அவர் நாணயத்தைக் கொண்டுவரச் சொல்லி, கேட்டவர்களிடமே ஒரு வினாவைத் திருப்பிக் கேட்டார். வினாவைத் தட்டிக்கழித்தார் என்று அதனைக் கொள்வாருண்டு. கேட்டவர் தம் பையிலுள்ள காசைத் தாமே எடுத்துப் பார்க்கும்படி செய்தார் என்றே நாம் கொள்கிறோம். ஆசிரியப் பணியின் இலக்கணம் அது.

அச்சிறுமிக்கு விடை

ஆசிரியர் கல்லாக இருக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கருத்தற்ற ஆசிரியரைப் பிள்ளைகள் மதிப்பதுமில்லை. பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்டால், தம் கருத்தைத் தம் கருத்து என்று பெயர் சொல்லியே அவர் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் உண்மைகள் மேசைமேல் வைக்கப்பட்டிருக்கவேண்டும். மாற்றுக் கருத்து அதனைக் கொண்டவரே ஏற்கும் வகையில் எடுத்துரைக்கப்பட்டிருக்கவேண்டும். மறுத்துப் பேசும் பிள்ளைக்கு மதிப்பெண் குறையாது என்பது சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் தெரிந்திருக்கவேண்டும். இம்மூன்றும் இல்லாத வகுப்பில் மிக நல்ல கருத்தும் சுமையே.

நாரணாபுரத்து ஆசிரியை அன்று விடை சொல்லவில்லை என்றோம். அடுத்த வாரம் அவர் அவ்வினாவை, சிறுமியின் பெயரைச் சொல்லாமல், வகுப்பின்முன் வைத்தார். தீர்ப்புச் செய்தி வந்த நாளிதழைப் பிள்ளைகளே உரக்கப் படித்தார்கள். விளங்காத சொற்களைக் கரும்பலகையில் எழுதினார்கள். வீட்டில் பெரியவர்களிடம், எந்த வேலையில் என்ன கூலி, எதில் ஆபத்து மிகுதி, ஆலை மூடினால் வேறென்ன வேலை உண்டு என்று கேட்டு வந்தார்கள். பிறகு, டெல்லியில் குளிர்காலப் புகையில் இருமிக்கொண்டிருக்கும் தங்கள் வயதுப் பிள்ளை ஒருத்திக்குக் கடிதம் எழுதும்படி சொன்னார் ஆசிரியை. சிலர் பட்டாசு வேண்டும் என்று எழுதினார்கள். சிலர் வேண்டாம், எங்கள் வீட்டாருக்கு வேறு வேலை கொடுங்கள் என்று எழுதினார்கள். விபத்தில் உறவினரைப் பறிகொடுத்த பையன் ஒருவன் முதல் வரிக்கு மேல் எழுதவில்லை. அவனை எவரும் வற்புறுத்தவில்லை. இம்முறை பரிசு எவருக்கும் இல்லை.

பார்பியானாச் சிறுவர்கள் எழுதியதும் கடிதமே என்பதை அந்த ஆசிரியை அறிந்திருக்கவில்லை. மிலானியின் நூலில் நாம் கண்ட குறை அவர் வகுப்பில் இல்லை: அங்கே ‘நாங்கள்’ என்று ஒரே குரல் எழவில்லை, நாற்பது பிள்ளைகளும் ‘நான்’ என்று எழுதினார்கள். பரிசு பெற்ற சிறுமி தன் கடிதத்தில், புகையினால் அப்பிள்ளை படும் துன்பத்தைத் தான் அறிவதாகவும், தன் தாய் கெட்டவள் அல்லள் என்பதை அவள் அறியவேண்டும் என்றும் எழுதியிருந்தாளாம்.

அதனையும் அவள் அன்று மாலை வீட்டுக்கு எடுத்துப்போய், இறுதி வரை படித்துக் காட்டினாள்.